மாளிகையை மிஞ்சும் லாயம்

கேள்வி: இங்கிலாந்தின் பழைய நாட்டுப்புற மாளிகைகளின் படங்களைப் பார்க்கும்போது, தூண்களும் மணிக்கூண்டுமாக நிற்கும் கட்டடத்தை மாளிகை என்றே நினைத்துவிடுகிறேன். கீழே படித்தால் ‘குதிரை லாயம்’ என்று போட்டிருக்கிறது. குதிரைக்கு எதற்கு இத்தனை ஆடம்பரம்?

பதில்: தாங்கள் ஏமாந்ததில் வியப்பில்லை. பார்ப்பவர் மலைக்க வேண்டும் என்றே கட்டப்பட்டவை அவை. பயணம், வேட்டை, பந்தயம் ஆகிய அனைத்தும் குதிரையை நம்பியிருந்த காலத்தில், ஒரு பிரபுவின் செல்வாக்கை அளப்பதற்கு அவருடைய லாயமே போதுமானதாக இருந்தது.

டெர்பிஷயரில் உள்ள சாட்ஸ்வொர்த் மாளிகையின் லாயத்தையே எடுத்துக்கொள்வோம். நான்காம் டெவன்ஷயர் டியூக்கிற்காக ஜேம்ஸ் பெய்ன் என்ற கட்டடக் கலைஞர் 1760ஆம் ஆண்டை ஒட்டி வடிவமைத்த இந்த லாயம், மாளிகைக்கு வடகிழக்கே ஒரு மேட்டின் மீது, பக்கத்துக்கு ஏறத்தாழ 190 அடி நீளமுள்ள சதுரமாக, நடுவில் திறந்த முற்றத்துடன் நிற்கிறது. வாயிலில் டோரிக் எனப்படும் பழைய கிரேக்கப் பாணியில் நான்கு தூண்கள். அவற்றுக்கு மேலே முக்கோண முகப்பில் குடும்பச் சின்னம். அதில் செதுக்கிய ஆளுயர மான்களுக்கு உண்மையான கொம்புகளையே பொருத்தியிருக்கிறார்கள். உள்ளே 80 குதிரைகளுக்கு இடமும், லாடம் அடிக்கக் கொல்லன் பட்டறையும், மாடியில் தானியக் களஞ்சியமும் குதிரைக்காரர்களின் அறைகளும் இருந்தன. மணிக்கூண்டை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிடக் கூடாது. கைக்கடிகாரம் இல்லாத அந்நாளில், தீனி வைப்பதும் வண்டி பூட்டுவதும் அந்த மணியின்படியே நடந்தன.

லாயத்தை மாளிகையோடு சேர்த்தே அமைத்ததும் உண்டு. நார்தம்பர்லாந்தில் ஜான் வான்பரூ வடிவமைத்து 1718இல் தொடங்கிய சீட்டன் டெலவல் மாளிகையில், முன்முற்றத்தின் ஒரு பக்கச் சிறகில் சமையற்கூடமும் எதிர்ச்சிறகில் லாயமும் இருக்கின்றன. இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோ தம் பண்ணை மாளிகைகளின் இருபுறமும் வேளாண் கட்டடங்களை நீட்டிய முறையை ஆங்கிலேயர் தம் வசதிக்கேற்ப மாற்றிக்கொண்டதன் விளைவு இது. நாற்றமும் வைக்கோலில் பற்றக்கூடிய தீயும் நடுமாளிகையை எட்டாமல் இருக்கும். அதே சமயம் முகப்பின் சமச்சீரும் கெடாது.

என்னைக் கேட்டால், சாட்ஸ்வொர்த்தின் வாயிலைவிட சீட்டன் டெலவல் லாயத்தின் உட்புறமே அழகு. உயர்ந்த கல் வளைவுகளின் கீழே தடுப்புகள் வரிசையாக நிற்க, ஒவ்வொன்றின் மேலும் அங்கே நின்ற குதிரையின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. குதிரைகளுக்கு இவ்வளவு செய்த வீட்டை எழுப்பத் தொடங்கிய அட்மிரல் ஜார்ஜ் டெலவல், வேலை முடியும் முன்பே, 1723இல் குதிரையிலிருந்து விழுந்துதான் இறந்தார். 1822இல் மூண்ட தீயில் நடுமாளிகை உள்ளே எரிந்து கூடாகிவிட்டது, லாயம் தப்பியது.

கேள்வி: இந்த லாயங்களில் இன்றும் குதிரைகள் உண்டா?

பதில்: பெரும்பாலும் இல்லை. சாட்ஸ்வொர்த் லாயத்திலிருந்து கடைசிக் குதிரைகள் 1939இல் வெளியேறின. அதன் பிறகு அது கிடங்காகவும் மோட்டார் வண்டிக் கொட்டகையாகவும் இருந்து, இப்போது சுற்றுலாப் பயணிகள் உண்டு இளைப்பாறும் இடமாகிவிட்டது. ஆறாம் டியூக் லாயத்தின் பின்னால் கட்டிய சாரட்டுக் கொட்டகை இன்று உணவகம். சீட்டன் டெலவலிலோ தடுப்புகள் காலியாக, மேலே அந்தப் பெயர்களோடு அப்படியே நிற்கின்றன.