மெஜாரிட்டி யார்கிட்ட, வாட்சப்ல வந்தது நெசமா? உங்க கேள்விக்கு என் பதில்

நியூஸ் டெஸ்க்ல இருந்து ரிட்டையர் ஆயாச்சு, ஆனா கோலாலம்பூர்ல அரசியல் சூடானா என் போனும் சூடாயிடுது. இந்த வாரம் வந்ததுல சிலது மட்டும்.

"ஆளாளுக்கு எங்ககிட்டதான் மெஜாரிட்டின்னு சொல்றாங்க, யாரத்தான் நம்புறது?" (செந்தூல்)

அரண்மனை சொல்ற வரைக்கும் யாரையும் நம்ப வேணாம்மா. நாடாளுமன்றத்துல 222 சீட்டுல 112 வேணும், சரி, ஆனா பிரஸ்மீட்ல மைக் முன்னாடி சொல்ற 112 கணக்குலயே வராது, யாருக்கு பெரும்பான்மை ஆதரவு இருக்கும்னு மாமன்னருக்குத் தோணுதோ அவரத்தான் பிரதமரா போடுவாரு, அரசியலமைப்பு 43வது பிரிவுல அப்படித்தான் இருக்கு. 2020 செப்டம்பர்ல, அப்ப எதிர்க்கட்சித் தலைவரா இருந்த அன்வார் எங்கிட்ட வலுவான மெஜாரிட்டி இருக்குன்னாரு, ஒண்ணும் நடக்கல. 2022 நவம்பர்ல முன்னாள் பிரதமர் முஹிடின் 115 எஸ்டி கையில இருக்குன்னாரு, 24-ஆம் தேதி பதவி ஏத்துக்கிட்டது அன்வார். எஸ்டிங்கறது இவருக்குத்தான் ஆதரவுன்னு எம்பி கையெழுத்து போட்டுக் குடுக்கற சத்தியப் பிரமாணம்தான், ஆனா இன்னிக்கி இங்க கையெழுத்து போட்டவரு நாளைக்கி மனசு மாறிட்டா அந்தப் பேப்பர வச்சி என்ன பண்றது? அதனாலதான் 2020 பிப்ரவரியில எம்பிங்கள அரண்மனைக்கே வரவச்சி ரெண்டு நாளா நேர்ல கேட்டாங்க.

அந்த வாரம் நானே ஒரு "புது அமைச்சரவ லிஸ்ட்ட" ஃபேமிலி குரூப்ல போட்டு மாட்டுனேன், பாதி பேரு தப்பு, மச்சான் இன்னும் கிண்டல் பண்றாரு லா.

"பேங்க்ல பென்ஷன் காசு வருமா அங்கிள்?" (பிரிக்ஃபீல்ட்ஸ்)

வரும். 2020-ல பிரதமரா இருந்த மகாதீர் ராஜினாமா பண்ணி புது பிரதமர் வர்ற வரைக்கும் ஒரு வாரம் அமைச்சரவையே இல்ல, ஆபீஸ் ஓடுச்சு, ஸ்கூல் ஓடுச்சு. அரசாங்க ஊழியருங்க பிரதமரோட சேர்ந்து ராஜினாமா பண்றதில்ல.

"13 மே மாதிரி ஆகப்போகுது, அரிசி வாங்கி வைங்கன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ். பயமா இருக்கு." (பட்டர்வொர்த்)

பேசறது யாரு, எந்த ஊரு, என்னிக்கி? இந்த மூணும் இல்லாத வாய்ஸ் மெசேஜ அங்கயே நிறுத்துங்க. 2022 தேர்தல் முடிஞ்ச உடனேயும் 1969 மே 13 இனக்கலவரத்த வச்சி மெரட்டுற வீடியோ டிக்டோக் பூரா ஓடுச்சு, போலிஸ் எச்சரிக்கை விட வேண்டியதாச்சு. உங்க ஏரியாவுல நெசமாவே ஏதும் நடந்தா பக்கத்து பாலாய்க்கு (போலிஸ் ஸ்டேஷன்) போன் போட்டு கேளுங்க, அவசரம்னா 999. மத்ததுக்கு, செய்தி நெசமா பொய்யான்னு பாக்கற செபெனார்ஞா தளம் இருக்கு, அங்க ஐஃபான்னு ஒரு ஏஐ உதவியாளர், தமிழ்லயே கேக்கலாம். அது அரசாங்கத்தோடதுன்றதால அரசாங்கத்தப் பத்தின விஷயமா இருந்தா இன்னொரு எடத்துலயும் செக் பண்ணிக்குங்க. இன்னொண்ணு, தெரிஞ்சே பொய்ய பரப்புனா தொடர்பு, பல்லூடகச் சட்டம் 233வது பிரிவுல மாட்டுவீங்க, 2025 திருத்தத்துக்கப்புறம் அபராதம் 5 லட்சம் வெள்ளி வரைக்கும் போகும். "ஃபார்வர்ட் பண்ணது மட்டும்தான்"னு சொல்றதெல்லாம் கோர்ட்டுல எடுபடும்னு நம்பி இருக்காதீங்க.

"தமிழ்ல எங்க பாக்கறது?" (ஆயர் ஈத்தாம்)

மின்னல் எஃப்எம், டிவி2 தமிழ் செய்தி, பெர்னாமா தமிழ். மூணுமே அரசாங்கப் பக்கத்துது, அதனால கூடவே ஒரு தனியார் பேப்பரும் படிங்க. யாரு என்ன பேசுனாங்கன்னு சண்டை வந்தா நாடாளுமன்றப் பேச்ச அப்படியே எழுதி வைக்கிற ஹன்சார்ட் இருக்கு, மலாய்லதான் இருக்கும், பேரப்புள்ளைங்கள படிச்சி சொல்லச் சொல்லுங்க.

"அம்மா ராத்திரி பூரா நியூஸ் பாத்துட்டு தூங்கறதே இல்ல, 69 கலவரத்தப்போ அவங்க கோலாலம்பூர் கம்போங் பாருல இருந்தவங்க." (செராஸ்)

இவங்களுக்கு ஃபேக்ட்செக் வேலைக்கி ஆகாது. "அதெல்லாம் பொய்ம்மா"ன்னு சொன்னா வாய மூடிக்குவாங்க, பயம் போகாது. அன்னிக்கி என்ன பாத்தாங்கன்னு ஒரு தடவ உக்காந்து கேளுங்க. ராத்திரி 8 மணி செய்தியோட டிவிய நிறுத்துங்க, போன ஹால்ல வைங்க. அப்பறமும் தூக்கம் வரலன்னா, மனசு விட்டுப் பேச பெஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ் பேசறவங்க இருக்காங்களான்னு கேட்டுக்குங்க. சுகாதார அமைச்சோட மனநல உதவி எண் ஹீல் லைன் 15555. வாரக்கணக்கா இப்படியே போனா கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க கிளினிக்) காட்டுங்க, பிரஷர் மாத்திரை போடறவங்கன்னா இன்னும் சீக்கிரமா.