ரைட் இரேஸ் கொடுத்தும் சுவிட்சில் பழைய விலான்கள் அப்படியே நிற்பது ஏன்?

சிஸ்கோ 2960 சுவிட்சில் 'ரைட் இரேஸ்' கொடுத்து ரீலோட் செய்தேன், ஹோஸ்ட்நேம், பாஸ்வேர்டு எல்லாம் போய்விட்டது, 'ஷோ விலான்' போட்டால் மட்டும் பழைய 10, 20, 30 விலான்கள் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைத்த தனித்தனி நெட்வொர்க்குகள்) வருகின்றனவே என்று கேட்டிருக்கிறீர்கள். சுவிட்ச் சரியாகத்தான் இருக்கிறது. அந்தக் கட்டளை அழிப்பது ஸ்டார்ட்அப் கான்ஃபிக்கை, அதாவது சுவிட்ச் எழும்போது படிக்கும் அமைப்புகளை மட்டும். விலான் விவரங்கள் ஃப்ளாஷ் என்ற உள் சேமிப்பகத்தில் விலான்.டாட் (vlan.dat) என்ற தனிக் கோப்பில் கிடக்கின்றன. அதை அது தொடுவதே இல்லை.

'டெலீட் ஃப்ளாஷ்:விலான்.டாட்' கொடுத்துவிட்டு ரீலோட் செய்யுங்கள். அப்போது கான்ஃபிக்கைச் சேமிக்கவா என்று கேட்டால் 'நோ' சொல்லுங்கள். பழக்கதோஷத்தில் 'யெஸ்' அடித்தால், நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கான்ஃபிக் மறுபடி எழுதப்பட்டுவிடும். எழுந்த பிறகு 1, 1002 முதல் 1005 வரையிலான விலான்கள் தெரிந்தால் பதற வேண்டாம், அவை பிறவியிலேயே இருப்பவை.

இந்தச் சின்னக் கோப்பை நான் இவ்வளவு வலியுறுத்த ஒரு காரணம் உண்டு. முன்பு வேலை பார்த்த இடத்தில், பயிற்சிக்கு வைத்திருந்த பழைய சுவிட்ச் ஒன்றை ரைட் இரேஸ் செய்து, டிரங்க் போர்ட்டில் (சுவிட்சுகளுக்கு இடையே எல்லா விலான்களையும் கடத்தும் போர்ட்) செருகினேன். சில நொடிகளில் ஒரு தளம் முழுக்க நெட்வொர்க் போய்விட்டது. சுவிட்சுகள் விலான் பட்டியலைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் முறைதான் விடிபி; அதன் டொமைன் (குழு) பெயரும், மாற்றத்துக்கு மாற்றம் ஏறும் ரிவிஷன் எண்ணும் விலான்.டாட்டுக்குள்தான் இருந்திருக்கின்றன. பயிற்சியில் விலான்களைப் போட்டுப் போட்டு அழித்ததில் அதன் ரிவிஷன் எண் ஏறிக் கிடந்தது. டொமைனும் ஒன்றாக இருக்கவே, மற்ற சுவிட்சுகள் இதன் பட்டியலே புதியது என்று நம்பித் தங்கள் விலான்களைக் கைவிட்டன. எல்லாவற்றையும் கையால் திரும்பப் போட்டு முடிக்க மாலையாகிவிட்டது. அன்றிலிருந்து 'ஷோ விடிபி ஸ்டேட்டஸ்' பார்த்து, ரிவிஷன் 0 என்று தெரிந்தால்தான் கேபிளைத் தொடுவேன். 0 ஆக இல்லையென்றால் விடிபி மோடை டிரான்ஸ்பரன்ட் ஆக்கித் திரும்ப மாற்றினாலே போதும்.

சுவிட்சை வெளியே விற்கப் போகிறீர்கள் என்றால் 'டிர் ஃப்ளாஷ்:' போட்டு ஒவ்வொரு கோப்பாகப் பாருங்கள். யாரோ என்றோ எடுத்து வைத்த கான்ஃபிக் நகல் அங்கே இருக்கலாம். அதிலுள்ள டைப் 7 பாஸ்வேர்டை (சிஸ்கோவின் பலவீனமான மறைப்பு முறை) யாரும் நொடியில் அவிழ்த்துவிடுவார்கள். எஸ்என்எம்பி (கருவிகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் முறை) கம்யூனிட்டிப் பெயர், அதாவது அதற்கான கடவுச்சொல் போன்றது, அப்படியே படிக்கக் கிடைக்கும். ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 18 பழைய ரவுட்டர்களை வாங்கிப் பார்த்து, 2023-ல் முடிவை வெளியிட்டது. ஆராய முடிந்தவற்றில் பாதிக்கு மேல் பழைய நிறுவனத்தின் விவரங்கள் அழியாமல் இருந்தன.

9300 போன்ற புதிய கேட்டலிஸ்ட்களில் 'ஃபேக்டரி-ரீசெட் ஆல்' என்ற கட்டளை இருக்கிறது. அது ஐஓஎஸ் இமேஜையும் (சுவிட்சை இயக்கும் மென்பொருள் கோப்பு) சேர்த்தே துடைத்துவிடும், அதனால் யூஎஸ்பியில் ஒரு இமேஜ் வைத்துக்கொண்டு அப்புறம் கொடுங்கள்.