கேள்வி – பதில்: கழுகும் குழந்தையும், ஒரு கட்டைவிரலும்

கே: எலும்பும் தோலுமாக ஒரு குழந்தை தரையில் சுருண்டிருக்க, பின்னால் ஒரு கழுகு உட்கார்ந்திருக்கும் படம் வாட்ஸ்அப்பில் வருகிறது. ‘குழந்தையைக் காப்பாற்றாத குற்ற உணர்ச்சியில் படமெடுத்தவர் தற்கொலை செய்துகொண்டார்’ என்று கீழே எழுதியிருக்கிறார்கள். உண்மைதானா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

ப: பாதி உண்மை. அதனால்தான் இத்தனை வருடமாக ஓடுகிறது. எங்கள் குடும்பக் குழுவிலும் சுற்றுகிறது, கடைசியில் கைகூப்பும் பொம்மையோடு. நாளிதழில் படங்களுக்குக் கீழே வரி எழுதிப் பிழைத்தவன் நான். எனக்குப் படத்தின் மீது சந்தேகம் வராது, அந்த வரி மீதுதான் வரும்.

படமெடுத்த கெவின் கார்ட்டர் தென்னாப்பிரிக்கர். 1993 மார்ச்சில் நண்பர் ஜோவாவ் சில்வாவோடு சூடானுக்குப் போனார். உள்நாட்டுப் போர், பஞ்சம். அயோட் என்ற ஊரில் ஐ.நா. விமானம் உணவோடு இறங்கியதும் பெற்றோர் பிள்ளைகளைத் தரையில் விட்டுவிட்டு வாங்க ஓடினார்கள் என்று சில்வா பிறகு சொன்னார். கார்ட்டர் படம் எடுத்தார். கழுகு சிறகை விரிக்குமா என்று சுமார் 20 நிமிடம் காத்திருந்தார். விரிக்கவில்லை. அதை விரட்டிவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்து அழுதார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகவில்லை என்பது நிஜம். அந்த 20 நிமிடத்துக்கு வக்காலத்து வாங்க நானும் தயாரில்லை.

மார்ச் 26 அன்று ‘நியூயார்க் டைம்ஸ்’ படத்தை வெளியிட்டது. ‘குழந்தை என்ன ஆனது?’ என்று ஊரே கேட்க, நான்கு நாள் கழித்து ஒரு குறிப்பு போட்டார்கள்: கழுகை விரட்டியபின் குழந்தை நடக்கத் தெம்பு பெற்றது, முகாமை அடைந்ததா என்று தெரியாது.

இப்போது படத்தைப் பெரிதாக்கி, குழந்தையின் வலது மணிக்கட்டைப் பாருங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை ஒன்று இருக்கும். உணவு முகாமில் பெயர் பதிந்த பிள்ளைகளுக்குக் கட்டுவது அது. அதாவது, அந்தக் குழந்தையை ஏற்கெனவே யாரோ கணக்கில் சேர்த்திருந்தார்கள். 2011-இல் ‘எல் முண்டோ’ என்ற ஸ்பானிய நாளிதழ் அயோடுக்கே ஆள் அனுப்பி விசாரித்தது. பெண் குழந்தை என்று உலகம் நினைத்தது ஆண் பிள்ளையாம். பஞ்சத்தில் சாகவில்லை. நாலு வருடத்துக்கு முன்புதான் காய்ச்சலில் போனான் என்று அப்பா சொன்னார்.

கார்ட்டருக்கு 1994 ஏப்ரல் 12 அன்று புலிட்சர் பரிசு அறிவித்தார்கள். ஆறே நாளில் அவருடைய உயிர் நண்பர் கென் ஊஸ்டர்புரோக், தென்னாப்பிரிக்காவின் தொக்கோசாவில் கலவரத்தைப் படமெடுக்கும்போது சுடப்பட்டுச் செத்தார். ஜூலை 27-இல் கார்ட்டரும் தற்கொலை செய்துகொண்டார். வயது 33. விட்டுச்சென்ற கடிதத்தில் கடன் இருக்கிறது, பணமில்லாக் கஷ்டம் இருக்கிறது, கண்ணைவிட்டு அகலாத கொலைகளும் பிணங்களும் இருக்கின்றன, கென் இருக்கிறார். பட்டினிக் குழந்தைகளும் உண்டு, ஆனால் பன்மையில். நிறவெறிக் காலத்து ரத்தத்தையெல்லாம் வருடக்கணக்கில் படமெடுத்த ஒரு மனிதனின் ரணத்தை, ஃபார்வர்டு செய்பவர்கள் ஒரு வரி நீதிக்கதை ஆக்கிவிட்டார்கள்.

கே: கன்னத்தில் கைவைத்தபடி, குழந்தைகள் தோளில் சாய்ந்திருக்கும் அமெரிக்க ஏழைத் தாய். அந்தப் படத்தை எடுத்தவர் கோடி கோடியாகச் சம்பாதித்தாராமே?
– வாசகர், தேனி

ப: இல்லை. டோரதியா லாங்கே அதை அரசுச் சம்பளத்தில் எடுத்தார். படம் அரசுடையது, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். 1936 மார்ச், கலிஃபோர்னியாவின் நிபோமோ. பட்டாணிப் பயிர் பனியில் கருகி, பறிக்க வந்த கூலிகள் வேலையின்றிக் கிடந்தார்கள். வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த லாங்கே முகாம் பலகையைத் தாண்டி 20 மைல் போனபிறகு, மனசு கேட்காமல் வண்டியைத் திருப்பினார். அந்தத் தாய்க்கு வயது 32. பெயரைக்கூடக் கேட்கவில்லை.

பத்திரிகையில் படம் வந்ததும் அரசு 20,000 பவுண்டு (சுமார் 9,000 கிலோ) உணவு அனுப்பியது. அதற்குள் அந்தக் குடும்பம் வேறு ஊர் போயிருந்தது! 1978-இல்தான் பெயர் வெளியே வந்தது: ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன், செரோக்கி பழங்குடி. ‘ஒரு பைசா கிடைக்கவில்லை, எடுக்காமலே இருந்திருக்கலாம்’ என்றார். காரின் டயரை விற்றுச் சாப்பிட்டார்கள் என்று லாங்கே எழுதியதையும் குடும்பம் மறுத்தது: டயரை விற்றிருந்தால் வண்டி எப்படி ஓடியிருக்கும்?

இன்னொன்று. படத்தின் வலது கீழ் மூலையில், கூடாரக் கம்பைப் பிடித்த ஒரு கட்டைவிரல் தெரிந்தது. பார்வையைக் கெடுக்கிறது என்று லாங்கே நெகட்டிவில் டச்சப் செய்யச் சொல்லிவிட்டார். நல்ல பிரதியில் உற்றுப் பார்த்தால் விரலின் நிழல் இன்னும் தெரியும்.

கே: எலும்புக்கூடாய் மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பழைய படத்தை ‘1943 வங்காளப் பஞ்சம்’ என்கிறார்கள். சிலர் சென்னை என்கிறார்கள். எது சரி?
– வாசகர், தருமபுரி

ப: சென்னை மாகாணம்தான், 1876–78 தாது வருஷப் பஞ்சம். எடுத்தவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர், சென்னைப் படையின் குதிரைப்படை அதிகாரி. நிற்கத் தெம்பில்லாதவர்களைக் குழுவாக அடுக்கி உட்காரவைத்து எடுத்த படங்கள் அவை. இதே ஹூப்பர் 1886-இல் மாண்டலேயில், சுட்டுக் கொல்லப்படவிருந்த பர்மியர்களைக் கேமரா தயாராகும்வரை காக்கவைத்தார் என்று லண்டன்வரை புகார் போனது. விசாரணை வைத்துக் கண்டித்தார்கள்.