கம்பெனி ஸ்டீரியோவை மாற்றாமல் காரில் சப்வூஃபர்: கேள்வி பதில்

காரோடு வந்த ஸ்டீரியோவை வைத்துக்கொண்டே சப்வூஃபர் (பேஸுக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கர்) சேர்ப்பது குறித்துக் கொங்குப் பகுதி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பலரும் முதலில் எத்தனை வாட்ஸ் என்றே கேட்கிறார்கள். பேட்டரியிலிருந்து டிக்கி வரை வரும் ஒயரும் அதற்கான பியூஸும் சரியாக அமைந்த பிறகே வாட்ஸைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து: அண்ணா, என் காரின் ஸ்டீரியோவில் ஆர்சிஏ அவுட் இல்லை. ஸ்டீரியோவையே மாற்றச் சொல்கிறார்கள். வேறு வழி இல்லையா?

மாற்ற வேண்டியதில்லை. ஆர்சிஏ அவுட் என்பது ஆம்ப்ளிஃபயருக்குச் சிக்னல் தருவதற்கென்றே உள்ள இணைப்பு. இப்போது விற்கும் மோனோ (ஒற்றைச் சேனல்) ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் ஸ்பீக்கர் ஒயரை நேரடியாக ஏற்கும் ஹை லெவல் இன்புட் இருக்கிறது. பின் கதவு ஸ்பீக்கர்களுக்குப் போகும் ஒயரிலிருந்து ஒரு கிளை எடுத்து அதில் கொடுத்தால் போதும். அந்த வசதி இல்லாத ஆம்ப் என்றால், ஸ்பீக்கர் சிக்னலைக் குறைத்து ஆர்சிஏவுக்கு மாற்றித் தரும் லைன் அவுட் கன்வெர்ட்டரை இடையில் வைக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இன்றைய கம்பெனி ஸ்டீரியோக்களில் பொதுவாக ஸ்பீக்கர் ஒயர் இரண்டிலுமே, பாட்டு ஓடாதபோதுகூட, ஏறக்குறைய 6 வோல்ட் நிற்கும். மைனஸ் என்று குறித்த ஒயரை எர்த் என்று எண்ணிப் பாடியில் சேர்த்தால் ஸ்டீரியோவின் அவுட்புட் ஐசி போய்விடக்கூடும். அதே வோல்ட்டை உணர்ந்துதான் பல ஆம்ப்கள் தாமாகவே ஆன் ஆகின்றன. அத்தகைய ஆம்ப் வாங்கினால் ஆம்பை ஆன் செய்யத் தனியாக ரிமோட் ஒயர் இழுக்கும் வேலை மிச்சம்.

சில ஸ்டீரியோக்கள், கதவு ஸ்பீக்கர் கெட்டுப்போகாமல் இருப்பதற்காக, வால்யூம் ஏற ஏறப் பேஸைத் தாமே குறைத்துக்கொள்ளும். பாதி வால்யூமில் நன்றாக அதிர்ந்த சப்வூஃபர் முழு வால்யூமில் அடங்கிப்போனால் ஆம்ப் பழுதாகிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். குறைந்த பேஸை மீட்டுத் தரும் கன்வெர்ட்டரோ டிஎஸ்பியோ (ஒலியைத் திருத்தும் டிஜிட்டல் கருவி) அதைச் சரிசெய்யும்.

பெருந்துறையிலிருந்து: 300 வாட்ஸ் ஆர்எம்எஸ் ஆம்ப் வாங்கியிருக்கிறேன். கடையில் கொடுத்த ஒயர் கிட் போதுமா? பியூஸ் எங்கே வர வேண்டும்?

கணக்கைப் பாருங்கள். ஆர்எம்எஸ் என்பது ஆம்ப் தொடர்ந்து தரக்கூடிய திறன். டி கிளாஸ் (மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் வகை) ஆம்ப் சுமார் 80 சதவீதத் திறனுடன் வேலை செய்கிறது என்று வைத்துக்கொண்டால், 300 வாட்ஸ் வெளியே வர 375 வாட்ஸ் உள்ளே போக வேண்டும். எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் 13.8 வோல்ட்டில் அது ஏறத்தாழ 27 ஆம்பியர். இதற்கு அசல் காப்பரில் 8 கேஜ் ஒயரும் (கேஜ் எண் குறையக் குறைய ஒயரின் தடிமன் கூடும்) 40 ஆம்பியர் பியூஸும் பொருந்தும். மலிவான கிட்டுகளில் வருவது பெரும்பாலும் காப்பர் பூசிய அலுமினியம். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான். அந்த ஒயரைப் பயன்படுத்துவதாக இருந்தால் 4 கேஜ் போடுங்கள். ஐந்து குதிரைத்திறன் மோட்டாருக்கு யாரும் அரை அங்குலக் குழாய் பதிப்பதில்லை.

பியூஸ் பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆம்பில் ஏற்கெனவே பியூஸ் இருக்கிறதே என்று சிலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஆம்பில் இருப்பது ஆம்பைக் காப்பது, பேட்டரியருகே இருப்பது ஒயரைக் காப்பது. எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வரும் துளையில் தகரத்தின் விளிம்பு ஒயரின் மேலுறையை நாளடைவில் அறுத்துவிட்டால், பேட்டரியின் முழு மின்னோட்டமும் பாடிக்குள் பாயும், கார் தீப்பிடிக்கும். ஆகவே அந்தத் துளையில் ரப்பர் குரோமெட் (விளிம்பை மூடும் வளையம்) இல்லாமல் ஒயரை நுழைக்கவே கூடாது.

எர்த் ஒயர் அரை மீட்டருக்கு மேல் வேண்டாம். பாடியில் இடம் தேர்ந்து, உலோகம் பளிச்சென்று தெரியும் வரை பெயின்ட்டைச் சுரண்டி, ஒயர் முனையில் லக் (உலோக வளைய முனை) வைத்து போல்ட்டால் இறுக்குங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் ஒருபோதும் கட்டக் கூடாது. வேலை தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்.

திருப்பூரிலிருந்து: டிக்கி முழுவதும் சிஎன்ஜி சிலிண்டர். சப்வூஃபருக்கு இடமே இல்லையே, ஐயா?

முன் சீட்டுக்கு அடியில் வைக்கும், ஆம்ப் சேர்ந்தே வரும் 8 அங்குலத் தட்டை சப்வூஃபர் உங்களுக்கு ஏற்றது. வீட்டையே அதிர வைக்காது. ஆனால் கதவு ஸ்பீக்கர்களால் எட்ட முடியாத அடிநாதத்தை நிறைவாகத் தரும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கப்ளர் இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, தொடக் கூடாது. பவர் ஒயரை கேஸ் குழாயின் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

பொள்ளாச்சியிலிருந்து: பம்பை, உறுமி, தவில் அதிகம் கேட்பேன். மூடிய பெட்டியா, துளைப் பெட்டியா?

மூடிய பெட்டிதான். துளை வைத்த பெட்டி அதன் டியூனிங் அலைவரிசையை ஒட்டி அதிகச் சத்தம் தரும் என்பது உண்மையே. ஆனால் அடுத்தடுத்து விழும் அடிகள் ஒன்றோடொன்று குழையாமல், ஒவ்வோர் அடியும் தனித்து விழுந்து உடனே அடங்க வேண்டும் என்றால் மூடிய பெட்டியில் அது எளிதாகக் கிடைக்கும், இடமும் குறைவாகவே பிடிக்கும். 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகையில், மூலைகளில் காற்றுக் கசியாதபடி பசையிட்டுத் திருகச் சொல்லுங்கள். நீங்கள் வால்பாறைக்கு ஏறுகிறவராக இருந்தால், அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளில் கனமான பெட்டி டிக்கிக்குள் உருளாதபடி அதை பாடியோடு பிணைப்பது கட்டாயம்.

கரூரிலிருந்து: பேஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்குகிறது. கெபாசிட்டர் போடலாமா?

உடனே வேண்டாம். அதே பாட்டை அதே வால்யூமில் ஓடவிட்டு, எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையிலும் ஆம்ப் முனையிலும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஆம்பில் மட்டும் வோல்ட் இறங்கினால் குறை ஒயரிலோ எர்த்திலோ இருக்கிறது. இரண்டிலும் இறங்கினால் ஆல்டர்னேட்டரால் ஈடுகொடுக்க முடியவில்லை. கெபாசிட்டர் மின்சாரத்தைச் சற்றுத் தேக்கித் தருமே தவிர, உண்டாக்குவதில்லை.

ஈரோட்டிலிருந்து: வாரன்டி போய்விடுமா?

கம்பெனி ஒயரை வெட்டினால், மின்சாரம் தொடர்பான பழுதுகளுக்கு வாரன்டியை மறுக்க இடம் கொடுத்தவராவீர்கள். உங்கள் காருக்குப் பொருந்தும் கப்ளர் வாங்கி இடையில் செருகினால் வெட்டும் தேவையே எழாது.

நாமக்கல்லிலிருந்து: கெயினை எவ்வளவு வைப்பது?

கெயின் என்பது வால்யூம் அன்று. ஸ்டீரியோ தரும் சிக்னலின் அளவுக்கு ஆம்பைப் பொருத்துவதே அதன் வேலை. ஸ்டீரியோவில் பேஸ், டிரெபிள் இரண்டையும் நடுவில் வைத்து, ஆம்பில் பேஸ் பூஸ்ட்டை முழுவதுமாக அணைத்து, உயர்ந்த ஒலிகளைத் தடுத்துப் பேஸை மட்டும் விடும் லோ பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். கெயினை அடிமட்டத்தில் வைத்துவிட்டு, கதவு ஸ்பீக்கர் பிசிறாத அளவுக்கு வால்யூமை உயர்த்துங்கள், ஏறக்குறைய முக்கால் பங்கு வரும். பிறகு கெயினை மெல்லத் திருப்பி, சப்வூஃபர் சத்தம் கரகரக்கத் தொடங்கும் இடத்திலிருந்து சற்றே பின்வாங்கி நிறுத்துங்கள். அதன் பின், சப்வூஃபரின் அசைவைக் கதவு ஸ்பீக்கர்களோடு ஒத்துப்போகச் செய்யும் ஃபேஸ் சுவிட்சை 0, 180 இரண்டிலும் மாற்றிப் பார்த்து, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கேட்கும்போது பேஸ் எதில் கனமாக இருக்கிறதோ அதிலேயே விட்டுவிடுங்கள்.