விஷம் வைத்தவனைப் பிடிக்க முடியுமா? கால்நடை மருத்துவரிடம் கேள்வி பதில்

விலங்குவதை வழக்குகளுக்காகப் பிரேதப் பரிசோதனை செய்யும் கால்நடை மருத்துவர் நான். தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்து நம் மக்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இதோ. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

சாட்ஸ்வொர்த்: டாக்டர், காலையில் எங்கள் இரண்டு நாய்களும் வாயில் நுரையோடு செத்துக் கிடந்தன. அண்ணன் உடனே தோட்டத்தில் புதைத்துவிட்டார். இனி ஏதாவது செய்ய முடியுமா?

புதைத்து ஓரிரு நாள்தான் ஆகிறது என்றால் முடியும். நீங்களே தோண்டாதீர்கள், எஸ்.பி.சி.ஏ. (விலங்குவதைத் தடுப்புச் சங்கம்) இன்ஸ்பெக்டரை வரவழையுங்கள். உடலை எடுத்தவர் யார், எப்போது, யார் கைக்குப் போனது என்று எழுத்தில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியிலேயே வழக்கைக் கவிழ்த்துவிடுவார்.

நம் ஊரில் நான் முதலில் சந்தேகப்படுவது அல்டிகார்ப் என்ற பூச்சிக்கொல்லி. 'டூ ஸ்டெப்' என்று தெருவில் விற்கிற அதே கறுப்புக் குருணைதான். தடை செய்த பிறகும் கள்ளத்தனமாகக் கிடைக்கிறது. திருட வருகிறவன் அதைப் பொலோனி என்ற இறைச்சி சாசேஜ் துண்டுக்குள் திணித்துச் சுவருக்கு மேலாக வீசிவிடுவான். அதைத் தின்ற நாய்க்கு, நரம்பு தசைக்கு அனுப்பும் உத்தரவு அணையாமல் ஓடிக்கொண்டே இருக்கும்: எச்சில் ஒழுகும், உடம்பு நடுங்கும், கண்மணி சுருங்கும், கடைசியில் மூச்சு நிற்கும். இரைப்பையைத் திறந்தால் பல சமயம் குருணை கண்ணுக்கே தெரியும். ஆனால் என் கண் சாட்சி போதாது. இரைப்பையில் உள்ளதையும் ஈரலையும் முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பி, விஷத்தின் பெயரை அறிக்கையில் வாங்க வேண்டும்.

முற்றத்தில் இறைச்சித் துண்டு மிச்சம் கிடந்தால் முதலில் படம் எடுங்கள், அப்புறம் கையுறை போட்டுக்கொண்டு கண்ணாடிப் புட்டியில் போடுங்கள். வெறும் கையால் தொட்டால் உங்களுக்கும் ஆபத்து.

பீனிக்ஸ்: உடலை ஃப்ரீசரில் வைக்கலாமா?

வேண்டாம். உறைந்தால் திசு கிழிந்து, நுண்ணோக்கியில் ஒன்றும் ஒழுங்காகத் தெரியாது. பிரிட்ஜ் அல்லது ஐஸ் பெட்டி போதும். பல நாள் தாமதமாகும் என்றால் மட்டும் ஃப்ரீசர். டர்பன் வெயிலில் அழுகுவதைவிட அது மேல். குளிப்பாட்டி மாலை போடுவதும் வேண்டாம், தயவுசெய்து. ரோமத்தில் ஒட்டியிருப்பதும் சாட்சிதான்.

டொங்காட்: பக்கத்து வீட்டுக்காரர் கார் மோதியது என்கிறார். அடித்தே கொன்றார் என்று எங்களுக்குச் சந்தேகம்.

கார் மோதிய நாயின் நகங்கள் தாரில் தேய்ந்து பிளந்திருக்கும், ரோமத்தில் கிரீஸும் மண்ணும் இருக்கும், இடுப்பெலும்பு உடைவது சகஜம். அடிபட்ட நாயில் மண்டை, பல், விலா எலும்புகளைத்தான் முதலில் பார்ப்பேன். எக்ஸ்ரேயில் ஒரு விலா புதிதாக முறிந்தும், இன்னொன்று ஆறி முடிச்சு விழுந்தும் இருந்தால், 'ஒரே நாள் விபத்து' என்ற கதை நிற்காது. ஆனால் அடித்தது யார் என்று உடல் சொல்லாது. அதைக் கண்டுபிடிப்பது போலீஸ் வேலை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: எலும்பும் தோலுமான நாய். சொந்தக்காரர் 'பூச்சி நோய், நன்றாகத்தான் தின்கிறது' என்கிறார்.

உயிரோடு இருக்கும் நாயே நல்ல சாட்சி. ரத்தமும் மலமும் சோதித்துவிட்டு, வேறு மருந்தில்லாமல் சாப்பாடு மட்டும் அளந்து கொடுத்து, வாராவாரம் எடை எழுதுவோம். மளமளவென்று ஏறினால் குறை நோயில் இல்லை, தட்டில். இறந்த நாயானால் எலும்பு மஜ்ஜையைப் பார்ப்பேன். பட்டினியில் உடம்பு கடைசியாகக் கரைக்கும் கொழுப்பு அங்கேதான் இருக்கிறது. நிஜமாகவே நோய் என்றாலும் அவர் தப்ப முடியாது. வைத்தியம் பார்க்க முடிந்தும் பார்க்காமல் விடுவது 1962ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வெருலம்: தீபாவளி வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடி இறந்த நாய்க்கு வழக்கு உண்டா?

பயத்தை என்னால் பிரேதத்தில் காட்ட முடியாது. நாய் மேலேயே வெடியை எறிந்திருந்தால் தீக்காயமும் வெடிமருந்துத் துகளும் இருக்கும், அது வழக்காகும்.

சாட்ஸ்வொர்த்: போலீஸ் 'நாய்தானே' என்று திருப்பி அனுப்பினால்?

எஸ்.பி.சி.ஏ.வுக்குப் போங்கள். அரசு வழக்கறிஞர் வழக்கு நடத்த மறுத்தாலும், தேசிய எஸ்.பி.சி.ஏ. தானே நடத்தலாம் என்று 2016இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. போகும்போது தேதியோடு எடுத்த படங்களையும், பார்த்தவர்களின் பெயரையும் கொண்டுபோங்கள்.