கேளுங்க சொல்றேன்: பீலித் தண்ணி ஏன் வத்துது?

அண்ணே, எங்க தோட்டத்து லய வீடுகளுக்கு மேல இருக்குற ஊத்துல இருந்துதான் நாங்க கொடம் வைக்கிற பீலிக் கொழாய்க்கு தண்ணி வருது. மாசி பங்குனி வந்தா நூல் மாதிரி ஒழுகுது, குடத்த வச்சிட்டு போயி சோறாக்கிட்டே வந்துறலாம். மேல நிக்கிற யூகலிப்டஸ்தான் எல்லாத்தையும் குடிக்குதுன்னு பெரியவங்க சொல்றாங்க, நெசமா? (வாசகி, பொகவந்தலாவ)

பாதி நெசம் தங்கச்சி. அது வெரசா வளர்ற மரம், வேரு ஆழமா போகும், ஊத்துக்கு பக்கத்துல கூட்டமா நின்னா காஞ்ச மாசத்துல தண்ணி கொறையத்தான் செய்யும். மத்த பாதி என்னன்னா, ஊத்துக்கு மேல இருந்த காட்டுத் துண்ட வெறகுக்கும் மரக்கறி போடவும்னு கொஞ்சங் கொஞ்சமா வெட்டிட்டோம். சருகும் வேரும் இருந்தாத்தான் மழைத்தண்ணி மண்ணுக்குள்ள எறங்கும், இல்லாட்டி மேலாலயே ஓடி வடிகானுக்குள்ள விழுந்து மண்ணையும் அள்ளிக்கிட்டு ஆத்துக்கு போயிரும், பெறகு பங்குனியில ஊறுறதுக்கு என்ன மிச்சம் இருக்கும் சொல்லுங்க.

உயரத்துல இருக்குற காடு மழை இல்லாத நேரத்துலயும் மூடுபனியில இருந்து தண்ணி புடிக்கும். ஹோட்டன் சமவெளிக்கு (மலைமேல இருக்குற தேசியப் பூங்கா) போனா மூடுபனி எறங்குற நேரமா பாத்து ஒரு மரத்தடியில நில்லுங்க, வெளியில துளி மழ இருக்காது, கெளையில தொங்குற பாசியில இருந்து சொட்டு சொட்டா உங்க கழுத்துல விழும் (பிச்சுப் பாக்காதீங்க, அங்க ஒரு எலையையும் தொடக்கூடாது). மகாவலி, களனி, வளவை மூணு ஆத்துக்கும் அந்தப் பக்கத்துல இருந்துதான் தண்ணி போகுது. காப்பிக்காக மலைய மொட்டையடிச்ச வெள்ளக்காரனே 1873ல, ஜோசப் ஹூக்கர்னு தாவரம் படிச்ச ஒருத்தர் சொன்ன பேச்ச கேட்டு, 5000 அடிக்கு மேல காட்ட வெட்டாதேன்னு நிறுத்துனான்னா பாத்துக்கங்க.

நீங்க செய்யக்கூடியது, ஊத்துக்கண்ண சுத்தி மாடு எறங்காம ஒரு வேலி, அவ்வளவுதான், உள்ள தானா மொளைக்கிறது மொளைக்கட்டும். ஊரு கூடி செய்யிற சிரமதானம்னாலே நம்மாளுக்கு மம்பட்டிய எடுத்து நெலத்த சொறண்டுனாத்தான் மனசு ஆறும், அத மட்டும் ஊத்துப் பக்கம் செஞ்சிறாதீங்க. யூகலிப்டஸ் வெட்டுற நேரம் வந்தா ஊத்துப் பக்கம் திரும்ப அதையே வைக்க வேணாம்னு தோட்டத் தலைவர்மார கூட்டிக்கிட்டு போயி தொரைகிட்ட (மேனேஜர்கிட்ட) எழுத்துல குடுங்க. மரம் வச்சது தோட்ட நிர்வாகம், மாத்த வேண்டியதும் அவங்கதான், அத உங்க தலையில கட்ட விடாதீங்க.

மலைச்சரிவுல நிக்கிற மானாப்புல்லுக்கு நெருப்பு வச்சா மாட்டுக்கு நல்ல தளிர் வருது, இதுல என்ன தப்பு? (வாசகர், பண்டாரவளை)

தளிர் வரும், ஆனா வர்றது மானாவே தான், நெருப்புல சாகாத புல்லு அது, சாகுறது பக்கத்துல மொளைச்ச மரக்கண்ணு. ஆடி ஆவணி காத்துல ஊவாப் பக்கம் நெருப்பு வச்சா மேட்டுப்பக்கம் ஏறுற வேகத்த யாராலயும் புடிக்க முடியாது, பைன் காட்டுக்குள்ள பூந்தா கேக்கவே வேணாம். அறுத்து போடுங்க, கஷ்டந்தான்.

காட்டுப்பன்னி உருளக்கெழங்க எல்லாம் தோண்டிருது, சுருக்குக் கம்பி கட்டாம என்ன செய்ய? (வாசகர், மஸ்கெலியா)

தம்பி, உங்க வயித்தெரிச்சல் புரியுது, ஆனா கம்பிக்கு பன்னி எது புலி (சிறுத்தையத்தான் சொல்றேன்) எதுன்னு தெரியாதே. 2020 மே மாசம் நல்லதண்ணியில கருஞ்சிறுத்தை ஒன்னு சிக்குச்சு, உசிரோட மீட்டு கொண்டு போயும் சில நாள்ல செத்துப் போச்சு. பழைய கிளட்ச் கேபிள்ல சுருக்கு போட்டா, இழுக்க இழுக்க இறுகி சதைக்குள்ள எறங்கிரும். இதுல பெரிய கூத்து என்னன்னா, பன்னிய புடிச்சு திங்கிறதே அந்தப் புலிதான், அதையும் கொன்னுட்டு பன்னி கூடிப்போச்சுன்னு அழுதா எப்புடி? தேயில மலைக்கு நடுவுல ஓடையோரமா நிக்குதே புதரு, அதுதான் புலி போற வர்ற பாதை. மேல சொன்ன தங்கச்சியோட ஊத்துக்கும் அதே புதருதான் காவல்.

கெழங்குத் தோட்டத்த சுத்தி தகரமோ கல்லுக்கட்டோ வைங்க, செலவுதான், நாலு வீடு சேந்தா சமாளிக்கலாம். எங்கயாவது புலி கம்பியில மாட்டியிருந்தா கிட்டப் போயி போன்ல வீடியோ எடுக்காதீங்க, சத்தம் போட்டு கூட்டம் சேக்காதீங்க, தூரத்துல நின்னு வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 அடிங்க.