நடந்து முடித்ததும் இடுப்பு பிடிக்கிறதே!

கேள்வி: மேடம், எனக்கு 46 வயது. வங்கியில் காசாளர். நான்கு மாதமாகத் தினமும் காலையில் 5 கிலோமீட்டர் வேகமாக நடக்கிறேன். முடித்ததும் கீழ்முதுகு பலகை மாதிரி இறுகிவிடுகிறது. குனிந்து கால்விரலைத் தொட்டு ஆட்டி ஆட்டி இழுக்கிறேன். அப்போதைக்குச் சுகம், வேலைக்குப் போக பஸ்ஸில் உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் பிடிப்பு. என்ன செய்யலாம்?
- வாசகர், கும்பகோணம்

பதில்: முதலில் அந்த ஆட்டி இழுப்பதை விடுங்கள். பிசியோதெரபி படித்து முடித்த புதிதில் நானும் அப்படிச் செய்துதான் மூன்று நாள் செருப்பு வாரைக்கூட மாட்ட முடியாமல் கிடந்தேன். வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

உங்கள் வேலையைப் பார்த்தால் எனக்கு முதுகைவிடத் தொடையின் முன்பக்கம் மேல்தான் சந்தேகம். சோவாஸ் என்று ஒரு தசை, கீழ்முதுகு எலும்புகளில் தொடங்கி அடிவயிற்றுக்குள் இறங்கித் தொடை எலும்பில் போய் ஒட்டுகிறது. கவுண்டரில் நாள் முழுக்க உட்கார்ந்தால் அது சுருங்கியே இருக்கும். நடக்கும்போது கால் பின்னால் போக அது இடம் கொடுக்காவிட்டால், முதுகு வளைந்து ஈடுகட்டும்.

கட்டில் விளிம்பில் மல்லாந்து படுத்து, ஒரு முட்டியை மார்போடு கட்டிக்கொண்டு மற்றக் காலைத் தொங்க விடுங்கள். தொங்கும் தொடை மெத்தையில் படியாமல் தூக்கிக்கொண்டு நின்றால் அந்தத் தசை இறுகியிருக்க வாய்ப்பு அதிகம்.

நடந்து முடித்த சூட்டோடு, மடித்த துண்டின் மேல் வலது முட்டியை ஊன்றி, இடது பாதத்தை முன்னால் வையுங்கள். வலது புட்டத்தை இறுக்கி, பெல்ட் பக்கிளைத் தொப்புளை நோக்கித் தூக்குவதுபோல இடுப்பை உள்ளே சுருட்டுங்கள். அப்புறம்தான் கொஞ்சம் முன்னால் நகர வேண்டும். பலரும் சுருட்டாமல் சாய்ந்துவிடுவார்கள். இழுவை தொடைக்கு வராமல் முதுகிலேயே விழும். மூச்சை அடக்காமல் 30 வினாடி, பக்கத்துக்கு மூன்று முறை. பிறகு மல்லாந்து படுத்து, ஒவ்வொரு முட்டியாக மார்புக்குக் கொண்டுவந்தால் போதும்.

வலி முட்டிக்குக் கீழே இறங்கினாலோ, கால் மரத்தாலோ, பலமிழந்தாலோ இதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லை, உட்காரும் இடம் மரத்துப்போகிறது என்றால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது, அன்றே ஆஸ்பத்திரி.

சரி, கவுண்டரில் கூட்டம் குறைந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து நில்லுங்கள். பாட்டிலை மேஜையில் வைக்காமல் தூரத்தில் வைத்தால் தானாக நடக்கும்.